ஞாயிற்றுக்கிழமை வரைபடம்

“அந்தப் படத்தை எடுத்துடுங்க சார். திரையிலேர்ந்து மட்டும் இல்ல. அறிக்கையிலேர்ந்தும்.”

சொல்லிவிட்டேன். மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், கடலைப் பார்த்தாற்போல் கட்டிய விடுதி ஒன்றின் கூட்ட அறை. அதிகாரிகளும் ஆலோசகர்களுமாக முப்பது பேராவது இருந்திருப்பார்கள். பின்வரிசையில் யாரோ பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தார், அந்தச் சத்தமும் நின்றுபோனது. மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் எங்கள் நிறுவனத்தின் இயக்குநர் தேசிகன் சார். முகத்திலிருந்த சிரிப்பைக் கலைக்காமலே என்னைப் பார்த்தார். உட்கார் என்று அர்த்தம்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் சொன்ன விதி ஒன்றே ஒன்றுதான். “சந்தேகம் வந்தா என்கிட்ட கேளு. சண்டை போடணும்னா ரூமுக்கு வந்து போடு. ஆனா கொடுத்த வேலையைத் திருப்பி வாங்குங்கன்னு கிளையன்ட் முன்னாடி மட்டும் ஒருநாளும் கேட்கக் கூடாது. புரிஞ்சுதாம்மா?” அன்றைக்கு நானும் தலையாட்டினேன்.

நான் உட்காரவில்லை.

முன்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் திரும்பினார். துறையின் இணை இயக்குநர் பாலாம்பாள். எங்கள் அறிக்கையைக் கேட்டு வாங்கியவரே அவர்தான்.

“நீங்க யாரு?”

“ரிஃபானா மேடம். இந்தப் படத்தைப் போட்ட கம்பெனியிலதான் வேலை பார்க்கிறேன்.”

“உங்க கம்பெனி போட்ட படத்தை நீங்களே எடுக்கச் சொல்றீங்களா?”

“தப்பா இருக்கு மேடம்.”

“எந்த இடம்?”

“வூடு எதுன்னு சொல்ற இடம். அது தப்புன்னா மீதி எல்லாமே தப்பு.”

வாய் தவறி ‘வூடு’ என்று வந்துவிட்டது. நாவலூர் அலுவலகத்தில் இரண்டு வருடமாகப் பல்லைக் கடித்து ‘வீடு’ என்று சொல்லிவந்தேன். போகட்டும்.

திரையில் செங்கல்பட்டு மாவட்டம் இருந்தது. மறைமலைநகர் சிவப்பாக வீங்கிக் கிடந்தது. தெற்கே படாளம் பக்கம் வெளுத்துப்போயிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி ஒரு தடித்த அம்பு, அதன் மேல் ‘நிரந்தர இடப்பெயர்வு’ என்று எழுத்து. படாளத்துப் பெண்கள் ஊரைவிட்டுப் போய் மறைமலைநகரில் குடியேறிவிட்டார்கள் என்பது அதன் பொருள். அதற்குக் கீழே பரிந்துரை: படாளத்தில் இருக்கும் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தை, தாய்மார்களுக்கு அருகில், மறைமலைநகருக்கு மாற்றலாம்.

படிக்க எவ்வளவு அழகாக இருக்கிறது. தாய்மார்களுக்கு அருகில்.

எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் போன் பக்கத்திலிருக்கும் டவரைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. பெயரையும் எண்ணையும் அழித்துவிட்டு, ஆணா பெண்ணா என்ற குறிப்பை மட்டும் வைத்து, வெறும் புள்ளிகளாக அந்தத் தடங்கள் எங்களிடம் வரும். கோடிக்கணக்கான வரிகள். அவற்றிலிருந்து ஜனங்கள் எங்கே இருந்து எங்கே போகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்று நாங்கள் கண்டுபிடித்துச் சொல்வோம். பஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எங்கே வரவேண்டும் என்பதை அரசு அதைப் பார்த்து முடிவுசெய்யும். வீட்டுக்கு வீடு போய் எடுக்கும் கணக்கு முடிந்து வெளியே வருவதற்குள் பாதிப் பேர் ஊர் மாறிவிடுகிறார்கள். அதனால் இது பெரிய வேலை. எனக்கு இந்த வேலையில் பெருமை உண்டு, அதை மறைத்துப் பேச எனக்கு வராது.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால்வைத்த முதல் ஆள் நான். அத்தா, அப்துல் மாலிக், கம்பெனி பஸ் ஓட்டுகிறார். சாயங்காலம் படாளத்தில் ஆள் ஏற்றி, செங்கல்பட்டில் கொஞ்சம் ஏற்றி, மறைமலைநகர் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிடுவார். காலையில் அதே ஆட்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார். நான் புள்ளியியல் படித்து இந்த வேலைக்கு வந்ததை அவர் தன் பஸ்ஸில் ஏறும் ஒவ்வொருவரிடமும் “எம் பொண்ணு டவர் ஆபீஸ்ல கீது” என்றுதான் சொல்லிவைத்திருந்தார். அதிலிருந்து படாளத்தில் சிக்னல் இல்லாவிட்டால் பெண்கள் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

அந்தத் தொழிற்சாலையில் நானும் இருந்திருக்கிறேன். பட்டம் வாங்கிய பிறகு, மேலே படிக்கப் போவதற்கு முன், ஆறு மாதம் இரவு ஷிப்ட். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுகிற பிரிவு. என் பக்கத்தில் நின்றவள் சம்பூர்ணம். பள்ளியிலும் என் பக்கத்தில் உட்கார்ந்தவள்தான். நான் படிக்கப் போனேன், அவள் அங்கேயே நிரந்தரமானாள்.

போன வாரச் சனிக்கிழமை எனக்கு லீவு. காலையில் செங்கல்பட்டு பைபாஸ் டீக்கடைக்கு அத்தாவுக்கு நாஸ்தா எடுத்துக்கொண்டு போனேன். அவர் அங்கே வண்டியை நிறுத்தி ஒரு டீ குடிக்காமல் அடுத்த கியர் போட மாட்டார். பஸ் ஜன்னலிலிருந்து சம்பூர்ணத்தின் தலை நீண்டது.

“இன்னாடி டவர் ஆபீசர்! வூட்டு சோத்த உங்க அத்தாவுக்கு மட்டும்தான் எடுத்தாருவியா? நாங்க எல்லாம் மனுசங்களா தெரில?”

“இறங்கி வா, ஊட்டி வுடறேன்.”

“எறங்கினா பாய் வுட்டுட்டுப் பூடுவாரு.” அவள் குரல் இறங்கியது. “ஏய் ரிஃபி, ஒரு விஷயம் கேளேன். மேக்னா போற காப்பகத்த மூடறாங்களாம்டி.”

மேக்னா அவள் மகள். மூன்று வயது.

“எவன் சொன்னான்?”

“அங்க கீற டீச்சரே சொல்லிச்சு. ஏதோ கெவுருமெண்ட் சர்வேயாம். நாங்க எல்லாம் மறைமலைநகர்லயே குடியிருக்கமாம். அதான் அங்க தூக்கினு போறாங்களாம். எவன்டி அவன் சர்வே எடுத்தவன்? எனக்கு மறைமலைநகர்ல வூடு கீதுன்னு எனக்கே தெரியாதுடி. அந்த வூட்டு சாவியக் குடுக்கச் சொல்லு, இன்னிக்கே போய் பால் காய்ச்சிடறேன்.”

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களின் சிரிப்பு, பாதியிலேயே கொட்டாவியாக முடிந்தது.

“நெசமா மூடினா இன்னா பண்ணுவ?” என்று கேட்டேன்.

“இன்னா பண்றது. ராத்திரில எங்க அத்த பாத்துக்குது. பகல்ல அது களையெடுக்கப் பூடும். காப்பகம் இல்லன்னா பகல்ல கொழந்தய நான்தான் வச்சுக்கணும். தூங்காம போய் அந்த ப்ரெஸ்ஸு மெசினு முன்னாடி நின்னா வெரலு போவும். அன்னிக்கு ஒருத்திக்குப் போச்சே, பாத்தல்ல? வேலய வுட்டுற வேண்டியதுதான்.”

ஏதோ பழைய செருப்பை விடுவதைப்போலச் சொன்னாள். அத்தா ஹாரன் அடித்தார். பஸ் கிளம்பியது.

அந்த சர்வே எடுத்தவன் யார் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இந்த மாவட்டத்தின் கடற்கரைப் பகுதிக் கணக்கு என்னுடையது. கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரைக்கும் விடுதிகளுக்கும் சிற்பக்கூடங்களுக்கும் வேலைக்கு வருகிறவர்களை நான் எண்ணினேன். ஜி.எஸ்.டி. சாலைப் பக்கத்தை ஸ்ரேயாஸ் என்ற பையன் செய்தான். நல்ல பையன், என்னைவிட ஒரு வருடம் மூத்தவன், எனக்கு எதிர் மேசை. அவன் முடித்த படத்தை நான் அதுவரை திறந்துகூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை திறந்தேன்.

தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. நாங்கள் கையாளும் விதி இது: இரவில் ஒரு போன் பல மணி நேரம் அசையாமல் எங்கே கிடக்கிறதோ, அதுதான் அந்த ஆளின் வீடு. பகலில் எங்கே அலைகிறதோ, அது வேலை செய்கிற இடம். நாவலூர் அடுக்குமாடிகளில் இருப்பவர்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். அவர்கள் தலையணைக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள்.

அந்தத் தொழிற்சாலை வாசலில் போனைப் பிடுங்கிக்கொள்வார்கள். கேமரா உள்ளே போகக்கூடாது. செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் புறாக்கூண்டு மாதிரி ஒரு அலமாரி, ஆளுக்கு ஒரு பொந்து. போகும்போது வைத்துவிட்டு, காலையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆறு மாதமும் என் போன் அங்கேதான் கிடந்தது. உள்ளே நாங்கள் விடிய விடிய நின்றோம். வெளியே எங்கள் போன்கள் படுத்துத் தூங்கின.

கணினி போன்களைப் பார்த்தது. பெண்கள் தூங்குகிறார்கள் என்று எழுதிக்கொண்டது.

காலையில் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் பிடிக்க வேண்டும், சமைக்க வேண்டும், குழந்தையைக் காப்பகத்தில் விடவேண்டும், கொஞ்சம் தூங்கி எழுந்ததும் ரேஷன் கடைக்கு ஓடவேண்டும். போனும் கூடவே அலைகிறது. ஆக, படாளம் அவர்கள் வேலை செய்கிற இடம் என்று கணினி முடிவுகட்டிவிட்டது. பெண்கள் வீட்டில் செய்வதும் வேலைதான் என்று இந்த ஊரில் முதன்முதலாக ஒத்துக்கொண்டது அந்த யந்திரம்தான். அதற்காக அதை மன்னிக்க முடியுமா?

ஸ்ரேயாஸிடம் சொன்னேன். நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே கேட்டான்.

“நீ ஓவரா யோசிக்கிற ரிஃபானா. இந்த ரூலை நாம கண்டுபிடிக்கல. பெரிய பெரிய ஆளுங்க பன்னெண்டு நாட்டுல போட்டுப் பார்த்துட்டாங்க.”

“அந்தப் பன்னெண்டு நாட்டுலயும் கேட்டுல போனைப் புடுங்கி வச்சுக்குறாங்களா?”

“சரி, நீ சொல்றது கதை. டேட்டாவுல காட்டு.”

அதற்குத்தான் நான் காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் கிடையாது. போன் பொந்துக்குள் போகாது. ஆக, ஞாயிறு இரவுகளை மட்டும் தனியாக எடுத்து, அதே விதியை அதே மாதிரி ஓட்டினால் உண்மையான வீடு எதுவென்று தெரிந்துவிடும். ஒரு வருடத்து ஞாயிறுகளை எடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. சாயங்காலம் படம் வந்தது.

மறைமலைநகரின் சிவப்பு வடிந்திருந்தது. படாளம் முழுக்க விளக்குப் போட்டாற்போல் இருந்தது.

புள்ளிகளை ஓடவிட்டுப் பார்த்தேன். திங்கள் மாலையில் படாளத்தில் ஒரு கொத்துப் புள்ளிகள் சேர்ந்து கிளம்பின. சாலையில் ஒன்றாக நகர்ந்தன. செங்கல்பட்டு பைபாஸ் வந்ததும் அப்படியே நின்றன. நின்றுகொண்டே இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோடி வரிகளுக்கு நடுவே அத்தா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஸ்ரேயாஸ் எழுந்துவந்து என் தோளுக்குப் பின்னால் நின்றான். வெகுநேரம் பார்த்தான். “இது வேற மாவட்டம் மாதிரில்ல இருக்கு,” என்றான். அப்புறம் மெதுவாக, “நான் போட்டது குப்பை,” என்றான்.

மறுநாளே தேசிகன் சாரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். அவருக்குப் புரிய நான் இரண்டாவது வாக்கியம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“பிரமாதம்மா,” என்றார். மனதாரத்தான் சொன்னார். “அடுத்த கட்ட ஆய்வுல இதைச் சேர்த்துக்கலாம்.”

“அதுவரைக்கும் அந்தக் காப்பகம் சார்?”

“அது துறையோட முடிவு. நாம படம்தான் கொடுக்கறோம்.”

“படத்தைப் பார்த்துத்தானே சார் மூடறாங்க?”

“வியாழக்கிழமை மாமல்லபுரத்துல கூட்டம். அடுத்த ஒப்பந்தம் அங்கதான் பேசப்போறோம். அது முடியட்டும்மா, ப்ளீஸ்.”

அந்த வியாழன்தான் இது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

“தப்புன்னு சொன்னா மட்டும் போதாது,” என்றார் பாலாம்பாள் மேடம். “காட்டுங்க.”

“மேடம், இது எங்களோட உள் விவகாரம், நாங்க பேசிட்டு...” என்று தேசிகன் சார் ஆரம்பித்தார்.

“காட்டட்டும் சார். படத்தை மாத்தறதுக்கு முன்னாடி நான்தான பார்க்கணும்?”

மேடைக்குப் போனேன். கணினிக்கு முன்னால் ஸ்ரேயாஸ் உட்கார்ந்திருந்தான். “ஸ்ரேயாஸ், ஞாயிற்றுக்கிழமை,” என்றேன். அவன் தேசிகன் சாரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் காது சிவந்துவிட்டது. பிறகு விரலை வைத்து ஒரு தட்டுத் தட்டினான். கேட்பேன் என்று தெரிந்து காலையிலேயே அதைத் திறந்து தயாராக வைத்திருந்திருக்கிறான், நல்ல பையன் என்று சொன்னேன் இல்லையா.

படம் மாறியது. படாளம் விளக்காக எரிந்தது.

கையில் ஒலிவாங்கி இருந்ததே எனக்கு மறந்துபோனது. புறாக்கூண்டு அலமாரியைச் சொன்னேன். படுத்துத் தூங்கும் போன்களைச் சொன்னேன். நானே அங்கே ஆறு மாதம் நின்றவள் என்றும் சொன்னேன்.

இரண்டாவது வரிசையில் இருந்த அதிகாரி ஒருவர் கை தூக்கினார். “ஞாயித்துக்கிழமை லீவுக்குச் சொந்த ஊருக்குப் போறது சகஜம்தானேம்மா? வாரம் முழுக்க அங்க தங்கிட்டு, ஞாயிறு மட்டும் படாளம் வந்திருப்பாங்க.”

நல்ல கேள்வி. அதை நான் செவ்வாய்க்கிழமையே என்னிடம் கேட்டுவிட்டேன். “மத்த நாள் பகல் பதினொரு மணியைப் போடு,” என்றேன் ஸ்ரேயாஸிடம். வாரத்தின் எந்த நாளைப் போட்டாலும் பகலில் அந்தப் புள்ளிகள் படாளத்தில்தான் இருந்தன.

“வாரம் முழுக்க மறைமலைநகர்ல தங்கறவங்க தினமும் காலையில படாளத்துக்கு ஏன் சார் வரணும்? அங்கேர்ந்து ஆளை ஏத்திக்கினு வந்து படாளத்துல வேலை வாங்கற கம்பெனி எதுன்னு சொல்லுங்க, நானே போய்ச் சேர்ந்துக்கறேன்.”

சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“அங்க வேலை பார்க்கற ஒருத்தி எங்கிட்ட கேட்டா, மறைமலைநகர்ல எனக்கு வூடு இருக்குன்னு எழுதி வச்சிருக்காங்களாமே, அந்த வூட்டு சாவி எங்கன்னு. அவ பகல்ல தூங்கறதே அந்தக் காப்பகத்தை நம்பித்தான். அதை மூடினா அவ வேலைய விடணும். சாவி யார்கிட்ட இருக்கு சார்?”

சிரிப்பு நின்றது. பாலாம்பாள் மேடம் மட்டும் முதலிலிருந்தே சிரிக்கவில்லை. எதையோ குறித்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு அந்த உத்தரவு கையெழுத்தாகணும்,” என்றார். “என் கோப்புல உங்க கம்பெனி கொடுத்த படம் இருக்கு. நீங்க இங்க வாயால சொன்னதை வச்சு அதை நான் நிறுத்த முடியாது. முதல் படம் தப்புன்னு எழுத்துல வரணும். இன்னிக்கே வரணும். தேசிகன் சார், கொடுப்பீங்களா?”

“சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்றேன் மேடம்,” என்றார் தேசிகன் சார்.

வெளியே புல்வெளியில் சாப்பாடு போட்டிருந்தார்கள். கடற்காற்றில் மேசைத் துணிகள் படபடத்தன. கருங்கல்லில் செதுக்கிய ஒரு சிங்கத்துக்குப் பக்கத்தில் தேசிகன் சார் என்னை நிறுத்தினார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

“ரொம்ப நல்லா பேசின. நான் பேசியிருந்தா இவ்வளவு தெளிவா வந்திருக்காது,” என்றார். “கேளு. அடுத்த கட்டம் இனிமே நமக்குத்தான், மேடம் முகத்தைப் பார்த்தாலே தெரியறது. மாநிலம் முழுக்க. நீதான் அதுக்குத் தலைமை. அறிக்கையில உன் பேர்தான் முதல்ல வரும். ஸ்ரேயாஸ் உனக்குக் கீழ.”

“துறைக்கு என்ன எழுதிக் கொடுக்கப்போறீங்க சார்?”

“கூடுதல் ஆய்வு தேவைப்படுகிறதுன்னு.”

“தப்புன்னு இல்லையா?”

“தப்புங்கற வார்த்தை வேண்டாம்மா.”

“கூடுதல் ஆய்வுன்னா பழைய படம் கோப்புலயே இருக்கும். நாளைக்கு உத்தரவு போயிடும். மேடம் அதைத்தானே சொன்னாங்க?”

அவர் கடலைப் பார்த்தார். “இதே விதியை வச்சு இன்னும் ரெண்டு மாவட்டத்துக்குக் கொடுத்திருக்கோம். இங்க தப்புன்னு எழுதினா அங்கயும் கேட்பாங்க.”

“கேட்கட்டும் சார். அங்கயும் எவளாவது ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டுப் பகல்ல தூங்கிக்கினு இருப்பா.”

“ஐம்பது பேர் இந்தக் கம்பெனியில சாப்பிடறாங்க ரிஃபானா. தப்பு பண்ணினவங்கன்னு பேர் வந்தா யார் வேலை கொடுப்பாங்க? உனக்கு நம்ம வேலையில பெருமையே இல்லையா?”

அவர் பொய் சொல்லவில்லை. ஐம்பது பேர் இருக்கிறார்கள், நானும் அதில் ஒருத்தி. ஆனால் கேட்கக்கூடாத ஆளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்.

“இருக்கு சார். கோடி வரியில எங்க அத்தா எங்க டீ குடிக்கறார்னு என்னால கண்டுபிடிக்க முடியும். அதை விட்டுட்டு, தப்பான படத்துக்குக் கீழ எம்பேரு முதல்ல வரணும்னு நான் படிக்கல.”

“அப்படி எடுத்துக்காதே. ரெண்டு நாள் யோசி.”

நான் யோசித்து முடித்திருந்தேன். அது அவருக்குத் தெரியாது. அன்று காலை வேலை முடிந்து வந்த அத்தா காலி பஸ்ஸில் என்னைச் செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் இறக்கிவிடும்போது எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

“வேல பூடுமா பாப்பா?” என்றார்.

“போவும் அத்தா.”

கியரை மாற்றினார். “அந்தப் படத்துல நம்ம பஸ்ஸு தெரிதுன்னியே, நெசமாவா?”

“நெசமாதான். டீக்கடையில நிக்கிறதுகூடத் தெரிது.”

“பாரேன்!” என்று ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டினார். “மேனேஜர்கிட்ட மட்டும் சொல்லிடாத, பேஜாராப் பூடும்.” வேலையைப் பற்றி அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. இறங்கும்போது மட்டும், “சம்பூர்ணம் நம்ம வண்டிப் பொண்ணு பாப்பா,” என்றார்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. முந்தின நாளே வீட்டில் எழுதிவைத்திருந்ததை அங்கேதான் அச்செடுத்தேன். இரண்டு பக்கம். முதல் படம் தப்பு, இன்ன காரணத்தால் தப்பு, சரியான முறை இது, அதைச் செய்தவள் நான். யாருடைய எண்ணும் பெயரும் அதில் இல்லை. நிறுவனத்தின் வேலையைப் பற்றி வெளியே எழுத்தில் எதுவும் கொடுக்கக்கூடாது என்று சேரும்போது கையெழுத்துப் போட்டிருந்தேன். அதுவும் ஞாபகம் இருந்தது.

தேசிகன் சாரைச் சிங்கத்தோடு விட்டுவிட்டு உள்ளே போனேன். பாலாம்பாள் மேடம் கூட்ட அறையிலேயே உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காகிதத்தை அவர் முன்னால் வைத்தேன். இடது கையால் புரட்டிப் படித்தார்.

“கம்பெனி முத்திரை இல்லையே.”

“வராது மேடம்.”

நிமிர்ந்து பார்த்தார். புரிந்துகொண்டார். “கையெழுத்தும் இல்லை.”

“உங்க முன்னாடி போடலாம்னு வச்சிருந்தேன். இது போதுமா மேடம்?”

“கணக்குப் போட்டவங்களே எழுதிக் கொடுத்தா, உத்தரவை நிறுத்தி மறு ஆய்வுக்கு அனுப்ப எனக்குப் போதும். படாளத்துக்கு நானே நேர்ல போறேன். ஆனா உனக்கு?” ‘நீங்க’ போய் ‘நீ’ வந்திருந்தது. “போட்டா அங்க திரும்பிப் போக முடியாது, தெரியுமில்ல?”

“தெரியும் மேடம்.”

அவருடைய பேனாவையே வாங்கிப் போட்டேன். பச்சை மை. அது அதிகாரிகள் போடுகிற மை என்று போட்ட பிறகுதான் உறைத்தது. ‘அ. ரிஃபானா, எம்.எஸ்சி., புள்ளியியல்’ என்று பச்சையில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மேடம் சாப்பாட்டு டப்பாவை மூடினார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, காகிதத்தின் மேல் மூலையில் ‘உத்தரவு நிறுத்திவைக்கப்படுகிறது’ என்று எழுதித் தன் கோப்பில் வைத்துக் கட்டினார்.

கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி ஸ்ரேயாஸின் கணினிமேல் வைத்தேன். அவன் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்துநின்றான்.

“ரிஃபானா, அந்த ஞாயித்துக்கிழமை ப்ரோகிராம் உன் மெஷின்ல இருக்கே. அது கம்பெனியோடதாயிடும்.”

“இருக்கட்டும். ஒரு மத்தியானத்துல எழுதினது. இன்னொரு மத்தியானத்துல எழுதிக்கறேன். மத்த ரெண்டு மாவட்டத்தையும் நீ ஓட்டிப் பாரு.”

“பார்த்துட்டு?”

“உனக்கும் ஒரு கையெழுத்து இருக்குல்ல?”

அவன் தட்டை மேசையில் வைத்தான். அட்டையை எடுத்துத் தள்ளி வைக்கவில்லை.

வாசலில் தேசிகன் சார் எதிரே வந்தார். என் கழுத்தைப் பார்த்தார். “அவசரப்படாதேம்மா, நாளைக்கு ஆபீசுல வச்சுப் பேசலாம்,” என்றார். அவர் எனக்கு வேலை கொடுத்தவர், முதல் நாளிலிருந்து மரியாதையாக நடத்தியவர். “தேங்க்ஸ் சார்,” என்றேன், உண்மையாகத்தான். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

“வண்டி சாயங்காலம்தான் கெளம்பும் மேடம், இன்னும் மீட்டிங் முடியல,” என்றார் கேட்டில் இருந்த செக்யூரிட்டி.

“எனக்கு முடிஞ்சிடுச்சுண்ணே. நான் பஸ்ஸுல போறேன்.”

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெயில் கொதித்தது. மாமல்லபுரம் பஸ் நிலையம் போய்விட்டால் செங்கல்பட்டுக்கு வண்டி கிடைக்கும். சம்பூர்ணத்திடம் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். அவள் எண்ணைத் தொடப்போகும்போது மணியைப் பார்த்தேன். பகல் ஒன்றரை. மேக்னா காப்பகத்தில் இருப்பாள். சம்பூர்ணம் நல்ல தூக்கத்தில் இருப்பாள்.

எழுப்பக்கூடாது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன்.